மடிப்பு விழுந்த வரைபடம்

பழைய வரைபடத்தில் தூசி தட்டத் துணி கூடாது. மெல்லிய ஆட்டுமயிர்த் தூரிகைதான் வேண்டும். சுவிஸின் ஃப்ரிபூர்க் நகரில் ஒரு பழைய நூலகத்தின் களஞ்சிய அறையில் பதினொரு வருசமாக எனக்கு அதுதான் வேலை. அந்த வேலையை எடுத்துத் தந்தவர், அங்கேயே வேலை செய்த தவராஜா அண்ணை.

நான் எடுத்தது ஒரேயொரு தாள். பள்ளிக் கொப்பி அளவில், கன்டோன் என்கிற எங்கள் மாநிலத்தின் இருநூற்றைம்பது வருசப் பழைய வரைபடம். செப்புத் தகட்டில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிச் செதுக்கியவன், ஆற்றங்கரையில் துணி தோய்க்கிற ஒரு பெண்ணையும் செதுக்கியிருந்தான். எள்ளளவுதான் இருப்பாள். பார்க்க வந்த ஒருவர் கண்ணிலும் அவள் படவில்லை. அந்தத் தாள் இருந்த அட்லஸிலிருந்து அதைப் பிளேட்டால் அறுத்து, என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை அண்ணை அதைக் கண்டுவிட்டார்.

"இதென்ன வேலை, தம்பி? நீயே டைரக்டரிட்டச் சொல்லிப்போடு. நானும் கூட வாறன்," என்றார். கோபப்படவில்லை. ஆனால் கதைத்துக்கொண்டே தாளை நாலாக மடித்து சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார்.

வேலை போய்விடும் என்று பயந்தாயோ என்று விசாரணையில் கேட்டீர்கள். இல்லை. அந்தத் தாள் அதுவரை ஒரு மடிப்பும் காணாதது.

வேறு தாள்களும் குறைகிறதோ என்று பார்க்க அவர் களஞ்சியத்துக்குள் போனார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தீ எச்சரிக்கைப் பொத்தானை அமத்தினேன். தண்ணீர் தாளைப் பழுதாக்கும் என்பதால் அந்த அறைக்குள் தீயை அணைக்க, மூச்சை அடைக்கிற வாயுதான் வரும். அதற்கு முன், உள்ளே நிற்கிறவர்கள் வெளியேற அரை நிமிடம் சங்கு ஊதும். கதவு உள்ளேயிருந்து திறக்கும். நான் வெளியே அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு தரம் தள்ளினார். "தம்பி, கதவு இறுகிப்போச்சு," என்றார். பிறகு, "எங்கையோ நெருப்புப் பிடிச்சிட்டுது. நீ நிக்காத, ஓடு. உனக்குப் பிள்ளையள் இருக்கினம்."

என் குரல் கேட்டால் அவருக்கு இன்னும் அந்தரமாக இருந்திருக்கும்.

தட்டுகிற சத்தம் கதவின் கீழ்ப்பக்கத்துக்கு இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பொக்கற்றிலிருந்து தாளை எடுத்து, வெளியே வந்து, மேசையில் விரித்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தேன். வாயு வந்ததற்கும் அதற்கும் இடையில் ஆறு நிமிடம் என்றும், அப்போது அண்ணைக்கு மூச்சு இருந்திருக்கும் என்றும் டொக்டர் எழுதியிருக்கிறார். இருந்திருக்கலாம்.

ஆனால் மடிப்பு நேரம் போகப்போக ஆழமாகும். தாளைப் பற்றித் தெரிந்த யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.