மூச்சுவிடும் சுவர்

வேலை முடிந்ததும் இடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவேன், சார். எனக்கு வேலை கொடுத்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு வேலையில்தான் பெருக்காமல் விட்டேன். நீங்கள் கேட்கிற வேலை அதுதான்.

முதலாளியின் அறை முன்பு கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கும் கொட்டகையாக இருந்தது. அங்கே என் தம்பி பதினோரு வருஷம் அறுத்தான். எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே இருப்பான். அவன் பெயரே விசில் என்றாகிவிட்டது. தண்ணீர் தெளித்து அறுத்தால் தூசு பறக்காது. ஆனால் நனைந்த ஷீட் காய நேரமாகிறது, லாரி காத்துக் கிடக்கிறது என்று முதலாளி தண்ணீர்க் குழாயைக் கழற்றச் சொன்னார். அதன் பிறகு காய்ந்த அறுப்புதான். கடைசி வருஷம் அவனால் விசிலடிக்கவே முடியவில்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான்.

சாவு வீட்டுக்கு முதலாளி மாலையோடு வந்தார். என் தோளில் கை வைத்து, "பீடியையாவது விட்டுத் தொலைச்சிருக்கலாம், பாவம்" என்றார். தம்பி பீடியைக் கையால் தொட்டதில்லை. அங்கிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கொட்டகையை ஆபீஸாக மாற்றிய பிறகு, அங்கே நடந்த உழைப்பை நினைவுபடுத்தும் ஒரு கலைப்படைப்பு தன் மேஜைக்குப் பின்னால் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. ஒரு ஆர்ட்டிஸ்ட் அம்மாவை வரவழைத்தார். நல்ல பெண். பழைய ஷீட்டுகளைப் பார்த்ததுமே, வேறு பலகையில்தான் செய்ய வேண்டும், இது ஆளைக் கொல்லும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். "மேஸ்திரி, இந்தச் சுவரு மூச்சு விடுற மாதிரி இருக்கணும். ஓட்டை வழியா காத்து வரணும்" என்று வரைந்து கொடுத்துவிட்டு, வேறு ஒரு வேலைக்குப் போய்விட்டாள்.

கிடங்கின் பின்பக்கம் பழைய ஷீட் இருபத்திரண்டு கிடந்தது. நான் அதைத்தான் எடுத்து இரண்டு அடுக்காக நிறுத்தினேன். முன்பக்கம் மட்டும் அழகாக வெள்ளையடித்தேன். ஓட்டைகளைக் காய்ந்தபடியே துளைத்தேன். முகமூடி போட்டுக்கொண்டேன். விழுந்த தூளை அள்ளவில்லை; இரண்டு அடுக்குக்கும் நடுவே அப்படியே விட்டு மூடினேன். பின்னால் விசிறி. அது ஓடினால் ஓட்டைகளில் மெல்லிய விசில் கேட்கும். திறப்பு விழாவில் முதலாளி சுவரில் முகத்தை வைத்து இழுத்து மூச்சு விட்டார். "மேஸ்திரி, உயிரோட இருக்குய்யா இது" என்றார். ஆமாங்கய்யா என்றேன்.

அவர் ஒருவருக்காகத்தான் செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறே வாரத்தில், விசில் சத்தம் தலைவலி தருகிறது என்று அவர் மாடிக்குப் போய்விட்டார். அந்த அறையை வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்கு விட்டார். பாய் விரித்தார்கள், பொம்மை வந்தது. ஒன்பது பிள்ளைகள். ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு, சுவர் பாடுகிறது என்று சிரிக்கும்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் பிரித்து எறிவார்கள். தம்பிக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதானே. முதலாளியும் என்றைக்காவது திரும்பி வந்து உட்காரலாம்.

போன மாதம் விசிறி தானாகவே நின்றுபோனது. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. பழுதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவன் இல்லை நான். மோட்டாரை மாற்றிக் கொடுத்தேன். சுவர் பாடியது, கைதட்டினார்கள். பொம்மைகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது என்று ஒரு தாய் புகார் செய்திராவிட்டால் நீங்கள் வந்திருக்கவே மாட்டீர்கள்.

அப்போது தண்ணீர்க் குழாயைக் கழற்றியது யார் என்று கேட்கிறீர்கள். அன்றைக்கும் அங்கே மராமத்து நான்தான். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. விசில் பக்கத்தில் நின்று, "வேணாம்ணா" என்றான்.

ஆனால் சொன்னது முதலாளி, சார். நான் கழற்றத்தான் கழற்றினேன்.