ஊதாவாக வழிந்த வெள்ளைக் கார்

வெள்ளைக் கார் கழுவுவதுபோல ஒரு சந்தோஷம் கிடையாது சார். வண்டியை நிழலில் நிறுத்தி, தகரம் தொட்டால் குளிரும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் அழுக்குப் போக ஒரு கழுவு. அப்புறம்தான் இரும்பு நீக்கும் மருந்து. கீழிருந்து மேலாக, ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம். காய விடக் கூடாது. பெயின்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகளில் மருந்து பட்டதும் ஊதாவாகக் கரைந்து வழியும். அதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். இப்போது சொல்லும்போதே சிரிப்பு வருகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொச்சியில், இந்தக் கொச்சங்காடியில் நான் கார் கழுவும் இடத்துக்கு எதிரே பொன்மணி சாயாக்கடை வைத்திருக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முதல் தடவை அந்த ஊதாவைப் பார்த்ததும் கையிலிருந்த பாலைக் கீழே கொட்டிவிட்டாள்.

"எந்தா செல்லதுரை சேட்டா, வண்டி ஞாவப்பழம் தின்னுச்சா? வாயெல்லாம் ஒழுகுது!"

சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாயா குடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

ஆனால் ஒருமுறை சுத்தமான வண்டியில் ஊதா வராது. தெருவில் நிற்கும் கார்களெல்லாம் சீக்கிரமே சுத்தமாகிவிட்டன. மருந்து வெறும் தண்ணீராக ஓடியது. "இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போவாள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஏதாவது செய்திருப்பீர்கள்.

பக்கத்தில் கிரில் பட்டறை. அறுத்த இரும்புத் தூள் அங்கே சும்மா குவிந்து கிடக்கும். ஒரு காலையில் அதை நான் வேலை செய்யும் இடத்து மாடிக்குக் கொண்டுபோய், வண்டி உலர்த்தும் புளோயரால் தெருமேல் ஊதினேன். வெயிலில் மினுமினுத்து இறங்கியது, திருவிழா மாதிரி. நாலு நாளில் எல்லாக் காரிலும் ஊதா. பொன்மணி கைதட்டினாள். அப்புறம் தினமும் ஊதினேன்.

ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னமோ கரகரங்குது சேட்டா. ஆசுபத்திரிக்குப் போகட்டா?"

"தூசிதான். தண்ணி அடிச்சுக் கழுவு, போயிரும்."

என்னவென்று எனக்குத் தெரியும். சொன்னால் ஊதா நின்றுவிடும், அவள் சிரிப்பும் நின்றுவிடும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை. கண் சிவந்து வீங்கி மூடிக்கொண்ட பிறகும் மாடிக்குப் போனேன். அவளைக் குஷிப்படுத்த வேண்டிய நேரம் அல்லவா அது.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது இரும்புத் துகள், உடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஆமாம் சார், நான்தான். தெரிந்தேதான். புகார் கொடுத்தது பொன்மணியே என்கிறீர்கள். இருக்காது.

கண்ணில் கட்டோடு அவள் மறுபடி கடை திறந்த அன்று, ஒரு வெள்ளைக் காரை அவள் வாசலிலேயே நிறுத்தி மருந்து அடித்தேன். அப்படியொரு ஊதா அதுவரை வந்ததில்லை. "பொன்மணி, இங்க பாரு" என்றேன். அவள் பாய்லரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பவே இல்லை.

ராத்திரியெல்லாம் யோசித்தேன் சார். காரை அவளுக்கு இடது பக்கமாக நிறுத்திவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.