இடது காது தெரியவில்லை

மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஒரு குண்டூசி காணாமல் போனாலும் ஊரையே சலித்துத் தேடும் பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் வாடிய முகத்தோடு இருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, கட்டணப் பிரிவின் சக தியாகிகளே, எங்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று எங்களைச் சபித்த, சபிக்கின்ற, இனியும் சபிக்கப்போகின்ற மாணவச் செல்வங்களே! எல்லோருக்கும் வணக்கம்.

ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தாறு வருடமாக ஃபீஸ் வாங்கிய வாய் இது. "சில்லறை இருக்கா?", "அடுத்த ஆள்!" இந்த இரண்டையும் விட்டால் வேறு பேச்சு வராது. அதனால் கொஞ்சம் இழுத்துப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். களைப்பாகவும் இருக்கிறது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், காலையில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர், நிமிரவே இல்லை. யார்? மூன்றாம் ஜன்னலின் மகாராணி! படிவங்களின் எமன்! நான்கு பக்க விண்ணப்பத்தில் நாற்பது குறை கண்டுபிடித்த நுண்ணோக்கிச் சக்கரவர்த்தினி! எங்கள் தலைமை எழுத்தர் அம்மையார்!

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பூதக்கண்ணாடி. மேசை டிராயரில் உண்மையாகவே ஒன்று வைத்திருந்தார். காபி சாசர் அளவு இருக்கும். அதை எடுத்தாலே வரிசையில் பாதிப் பேருக்கு வியர்க்கும். மீதிப் பேர் வீட்டுக்கே போய்விடுவார்கள்.

என்னென்ன குறை கண்டார் தெரியுமா? கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது. திருப்பி அனுப்பு! நீல மையில் எழுத வேண்டியதைக் கறுப்பில் எழுதியிருக்கிறாய். திருப்பி அனுப்பு! இருபத்தாறு வருடத்தில் அவர் திருப்பிய படிவங்களை ஒட்டி நீட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம்.

நானும் திட்டியிருக்கிறேன். மறைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போதுகூட இவ்வளவு பாக்க மாட்டாங்கம்மா" என்பேன். அவர் நிமிராமலே, "அண்ணே, உங்க ஜன்னல்ல ஆள் நிக்குது" என்பார். அத்தோடு என் கதை முடியும்.

இப்போது நான் சொல்லப்போவது என் குற்றம். பதினோரு வருடமாக, அம்மையாரைத் தவிர, ஒருவருக்கும் தெரியாதது.

அன்று அம்மையார் விடுப்பு. மூன்றாம் ஜன்னலையும் நானே பார்த்தேன். இரண்டாம் வருடப் பையன் ஒருவன் வந்தான். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. ஜன்னல் கம்பிக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரிய எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கையில் திருப்பப்பட்ட படிவம். அதன் தலையில் அம்மையாரின் சிவப்பு மை: "புகைப்படத்தில் இடது காது தெரியவில்லை."

எனக்கு வந்ததே கோபம்! "தம்பி, இங்க வா. திரும்பு. அந்தப் பக்கம். ரெண்டு காதும் இருக்கா? இருக்கு. போதும்!" என்று சொல்லி, 'சரி' என்ற முத்திரையை மேசையே அதிரும்படி குத்திக் கையெழுத்தும் போட்டேன். கொடைவள்ளல் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அவன் முகம் வெளுத்தது. "சார், அப்போ இன்னிக்கே கட்டணுமா?"

"பின்ன? கடைசி தேதி தாண்டி நாலு நாள் ஆச்சு. முத்திரை விழுந்தா அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டியாகணும். உனக்காகத்தான் தம்பி இந்த மாமா இவ்வளவு தூரம் பண்ணிருக்கேன்."

அவன் "தேங்க்ஸ் சார்" என்றான். நன்றி சொன்னான், கவனித்தீர்களா? போனான். வரவில்லை. ஆறு மணிக்குப் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கியது யார்? நானே. இதே கை.

மறுநாள் அம்மையார் வந்தார். படிவத்தைப் பார்த்தார். "இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்மா. பாவம், காதுக்குப் போய்..."

அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அந்தப் பையனுக்கு ரெண்டு காது இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குத்தான் எனக்கு விதி பதினேழைப் படித்துக் காட்டினார். நம் கல்லூரியின் கட்டண விதிகளில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் அது கிடக்கிறது. உரிய தேதிக்குள் வந்த படிவம் குறை கண்டு திருப்பப்பட்டால், திருத்தித் தரப் பதினைந்து நாள் உண்டு. அந்தப் பதினைந்து நாளும் அபராதம் கிடையாது. பெயர் நீக்கம் கிடையாது.

நண்பர்களே, நமது கடைசித் தேதி என்ன? இருபது. நான் கேட்கிறேன்: இந்தப் பூமியில் இருபதாம் தேதி கையில் காசு வைத்திருப்பவர் யார்? முதல்வர் ஐயா வைத்திருப்பாரா? நான் பதினெட்டாம் தேதியே என் மச்சானிடம் கை நீட்டுகிறவன்! சம்பளம் எப்போது? ஒன்றாம் தேதி. கூலி எப்போது? அது முதலாளி மனது வைத்தால். இருபதுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் எத்தனை பட்டப்படிப்புகள் விழுந்து காணாமல் போயிருக்கின்றன! அதன் மேல் அம்மையார் போட்ட பலகைதான் அந்தப் பூதக்கண்ணாடி.

ஜன்னலில் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "இன்னிக்குக் கட்டுறியா?" ஆமாம் என்றால் இரண்டு நிமிடத்தில் ரசீது. காது, மூக்கு, மை எதையும் பார்க்க மாட்டார். பதில் சொல்லாமல் காலைப் பார்த்தால், டிராயர் திறக்கும். இவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் பதினைந்து வருடம் உட்கார்ந்திருந்தேன். கண்டேனா? இல்லை!

அன்று மதியமே இருவரும் அந்தப் பையன் தங்கியிருந்த அறைக்குப் போனோம். டயர் கடை மாடி. ஒரு அறையில் ஆறு பேர், படுக்கை நான்கு, முறை வைத்துத் தூக்கம். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்த வாரம் யார் இரவுச் சாப்பாட்டைத் தவிர்ப்பது என்று ஒரு பட்டியல். நான் வேடிக்கைக்குக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. பையன் பெட்டியோடு காலையிலேயே போய்விட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது படிக்கட்டில் அம்மையார் சொன்னார்: "ஃபீஸ் பாதிதான் அண்ணே. வாடகை, பஸ், வயிறு, அதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதிக்கு நம்மகிட்ட ரசீது இல்ல. அதனால நமக்குத் தெரியறதும் இல்ல."

"அப்போ பசங்ககிட்ட சொல்லிடலாமேம்மா? உங்கள எப்படித் திட்டுறாங்க!"

"சொன்னா எல்லாரும் காதை மறைச்சுக்கிட்டு போட்டோ எடுப்பாங்க. மறுவாரம் விதிய எடுத்துடுவாங்க. திட்டட்டும். திட்டுறதுக்குத் தெம்பு இருக்குன்னா சாப்பிட்டிருக்காங்கன்னு அர்த்தம்."

மூன்று வருடம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க வந்த ஆட்களில் அந்தப் பையன் இருந்தான். "வணக்கம் சார்" என்றான். கோபம் இல்லை. நான் எழுந்து நிற்கப் போனேன். "நீங்க உக்காருங்க சார், நாற்காலியச் சுத்தி அடிச்சுக்கறேன்" என்றான். அப்படியே என்னைச் சுற்றி அடித்துவிட்டுப் போனான். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி அளவுக்குப் பழைய சுவர் இன்னும் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். நான் தினமும் அதில்தான் சாய்கிறேன்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன்? பொருளாளர் ஐயா என்னை முறைக்கிறார். ஐயா, உங்கள் பெட்டியில் ஒரு ரூபாய் குறைந்ததா? இல்லை. வரவேண்டியது வந்தது, பதினைந்து நாள் மூச்சுவிட்டுக்கொண்டு வந்தது. சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த பருவத்திலிருந்து எல்லாம் கணினி. படிவம் இல்லை, சிவப்பு மை இல்லை, ஜன்னலே இல்லை. விதி பதினேழு தானாகச் செத்துவிடும். அது சாகும்போது அம்மையாரின் கெட்ட பெயரும் கூடவே சாகட்டும் என்றுதான் சொல்கிறேன். இந்த அறையில் அவரை மனதுக்குள் திட்டியவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையில் நடந்து பட்டம் வாங்கினீர்கள்? கை தூக்க வேண்டாம். எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. இன்று தேதி ஐந்து. காகிதப் படிவங்களின் கடைசிப் பதினைந்து நாளும் இன்று மாலையோடு முடிகிறது.

காலையில் ஒரு படிவம் வந்தது. மூன்றாம் வருடம், கடைசித் தவணை. அம்மையார் கடைசியாகத் திருப்பிய படிவம், அவருடைய சிவப்பு மை: "கதவு எண் தெளிவாக இல்லை." கொண்டு வந்தவர் யார் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்றும் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது! நான் அம்மையாரின் கேள்வியைக் கேட்டேன். "இன்னிக்குக் கட்டுறியாம்மா?" காலைப் பார்த்தார். பிறகு, "மருந்துக் கடையில பத்தாம் தேதிதான் சம்பளம் தரேன்னுட்டாங்க மாமா" என்றார். ஐந்து நாள்! மூன்று வருடப் படிப்புக்கும் பட்டத்துக்கும் நடுவே ஐந்து நாள்!

படிவத்தை முழுக்கப் பார்த்தேன். கதவு எண் கடைப் பலகை போலப் பளிச்சென்று இருக்கிறது. கையெழுத்து கட்டத்துக்குள். மை நீலம். இரண்டு காதும் கம்பீரமாக இருக்கின்றன. அம்மையார் பயிற்சி கொடுத்த பிள்ளை அல்லவா! ஒரு குறையும் இல்லை. முத்திரையை எடுக்காமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

அம்மையாரின் கணவர் இந்தக் கூட்டம் தொடங்கும் முன் மனைவியின் கைப்பையிலிருந்த ஒரு பொருளை என்னிடம் கொடுத்தார். "அலுவலகப் பொருளாம், திருப்பிக் கொடுத்துடணும்னு அடிக்கடி சொல்வா" என்றார். இதோ. காபி சாசர் அளவு.

ஒரு நிமிடம், பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துக்கொள்கிறேன். மேடையில் வெளிச்சம் போதவில்லை, முதல்வர் ஐயா, அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். நன்றி.

ஆ! இந்த ஸ்டேப்ளர் பின் எந்தப் பக்கம் அடித்திருக்கிறது? வலது மூலை. விதி என்ன சொல்கிறது? இடது மூலை! என்ன ஒரு அலட்சியம்! ஒரு படிவத்தை ஒரு முறைதான் திருப்பலாம் என்று விதியில் எங்காவது இருக்கிறதா? பொருளாளர் ஐயா தேடிப் பார்க்கட்டும். நான் தேடிவிட்டேன். இல்லை.

என் பேச்சு இவ்வளவுதான். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை மூன்றாம் ஜன்னலில் நான் இருப்பேன். அந்தக் கண்ணாடி டிராயரில் இருக்கும். உங்களுக்குச் சாப்பிட்ட தெம்பு இருக்கும் வரை என்னைத் திட்டுங்கள்.

அந்தப் படிவத்துக்கு உரியவர் கூட்டம் முடிந்ததும் ஜன்னலுக்கு வரவும். நான் சத்தம் போடுவேன். பொறுத்துக்கொள்ளம்மா. சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்: பின் இடம் மாறியிருக்கிறது. இருபதாம் தேதிக்குள் திருத்திக் கொண்டு வரவும்.