செம்புத் தண்ணி

இல்லைங்க பாய், சாப்புடுற மீனு இல்ல. வளக்குற மீனு. போன்ல பாத்தீங்களே, ஆரஞ்சுல வெள்ளப் பட்டை போட்டது, அது எங்க வீட்டுத் தொட்டியில இருக்கு. கடல் மீனுதான். மன்னார்குடி பக்கம் ஏதுடா கடலுன்னு எல்லாரும்தான் கேக்குறாங்க. முத்துப்பேட்டைக்குப் போயி ரெண்டு கேன்ல தண்ணி புடிச்சு பைக்குல கட்டிக்கிட்டு வந்துருவேன். வர்ற வழியில ஒருத்தரு பால் கேன்னு நெனச்சு நிறுத்திட்டாரு ஒரு நாளு.

எங்க கெளம்புறீங்க? டீ அப்புறம் குடிச்சுக்கலாம், உக்காருங்க. நீங்க எந்திரிச்சுப் போனா இந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் தனியா உக்காந்திருக்கணும். பயந்துதான் போயிருக்கேன், அதுல மறைக்க என்ன இருக்கு.

உள்ள படுத்துருக்கது என் மாமனாரு. மருதையன்னு பேரு, எழுபத்தோரு வயசு. காலையில ஏழு மணிக்கு வாந்தி எடுக்க ஆரம்பிச்சவரு. இப்ப மணி என்ன, ரெண்டே காலா? இன்னும் நிக்கல பாய். வயித்தப் புடிச்சுக்கிட்டு அப்படியே சுருண்டுட்டாரு. நேத்து கோயில்ல சாப்ட்ட சாப்பாடு ஒத்துக்கலைன்னு டாக்டரு நெனைக்கிறாரு. ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்க, கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணுமாம். அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நீலப் புடவையில நிக்கிறா பாருங்க, அவதான் என் சம்சாரம், ஜெயபாரதி. அவளுக்கு அப்பான்னா உசுரு. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. அவருதான் தலை வாரி, ரெட்டச் சடை போட்டு, வயலுக்குப் போற வழியில பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போவாராம். அவருக்கு ஒண்ணுன்னா அவ தாங்க மாட்டா.

மீனப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்தீங்கள்ல, கேளுங்க. அதப் பேசுனாத்தான் கொஞ்சம் மூச்சு விட முடியுது.

புது மீனு வந்தா நேராப் பெரிய தொட்டியில விடக் கூடாது. நான் விட்டேன். மொத தடவ, ஒண்ணும் தெரியாது. சென்னையிலேருந்து பஸ்ஸுல தெர்மாகோல் பெட்டியில வந்துச்சு ஒரு நீல மீனு. நோய் இருக்குன்னு சத்தியம் பண்ணாக் கூட நம்ப மாட்டீங்க, அப்படி ஒரு பளபளப்பு. வந்த அன்னைக்கே தீனிய அள்ளி அள்ளித் தின்னுச்சு. நாலாம் நாளு பதினோரு மீனும் மல்லாந்து கெடக்கு. அப்புறம்தான் புத்தி வந்துச்சு. கொரோனாவுல நம்மள எல்லாம் தனியா வச்சாங்கள்ல, அதேதான். நீங்க துபாயிலேருந்து வந்தப்ப எத்தனை நாளு? பதினாலா? மீனுக்கு முப்பது நாளு, நாப்பது நாளு ஆகும். பின்கட்டுல சின்னதா ஒரு தனித்தொட்டி வச்சிருக்கேன். மணலு கிடையாது, கல்லு கிடையாது. ஒளிஞ்சுக்கறதுக்கு ரெண்டு துண்டு பிளாஸ்டிக் பைப்பு, காத்துக்கு ஒரு மோட்டாரு. அதுக்குன்னு தனி வலை, தனி வாளி. இதுல நனைஞ்ச கைய அதுல வைக்கக் கூடாது.

அப்புறம் வேலையே உக்காந்து பாக்குறதுதான். சில நோயில மேல ரவை தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். அதுக்காச்சும் நேரம் கெடைக்கும். இன்னொண்ணு இருக்கு, மாவு ஒட்டுன மாதிரி, டார்ச்ச சாய்ச்சு அடிச்சாத்தான் தெரியும். அது வந்தா ரெண்டே நாளு. தீனி போட்டா வாயில வாங்கித் துப்பும். பைப்புல போயி ஒடம்ப உரசும். துடுப்ப ஒடுக்கிக்கிட்டு மூலையில நிக்கும். ஆனா இதெல்லாம் பின்னாடி தெரியிறது பாய். மொதல்ல தெரியிறது மூச்சு. வாட்ச்சக் கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் செவுளு எத்தனை தடவ தொறந்து மூடுதுன்னு எண்ணணும். எண்பதுன்னா நிம்மதி. நூத்தி இருபது தாண்டுச்சுன்னா உடனே மருந்து விடணும்.

கண்ணாடி வழியா அவரு நெஞ்சு தெரியுதுல்ல? போர்வை ஏறி ஏறி எறங்குதுல்ல? நான் அதத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன். பன்னெண்டு மணிக்கு இருபத்தி நாலு. இப்ப முப்பத்தி ரெண்டு. யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன்.

என்னன்னா, சீக்கு வந்த மீனு காட்டிக்காது. கடல்ல காட்டுனா பெருசு வந்து புடிச்சுத் தின்னுட்டுப் போயிடும்ல. அதனால கடைசி வரைக்கும் சாதாரணமா இருக்க மாதிரியே நீஞ்சும். பக்கத்துல போனா வாலாட்டும். உள்ளுக்குள்ள எல்லாம் போயிருக்கும். எனக்கா? ஒண்ணும் இல்லைங்க, வேர்க்குது, அவ்வளவுதான். இங்க ஃபேன் சரியா சுத்தல.

மருந்தா? செம்புதான் மருந்து. எங்க வாட்ஸ்அப் குரூப்புல காப்பர்னு சொல்லுவாங்க. பாட்டில் மருந்து வரவழைக்கணும், ஒரு வாரம் ஆயிடும், அதுக்குள்ள மீனு போயிடும். நம்ம வயல்ல பாசி புடிச்சா மயில்துத்தத்தத் துணியில கட்டி மடை வாயில போட்டு வைப்போம்ல, நீலக் கல்லு, அதுவும் செம்பு உப்புதானே. வீட்டுல இருந்துச்சு. கெட்டியா கரைச்சு வச்சுக்கிட்டேன். அதுலேருந்து சொட்டு சொட்டா விடணும். கொறைஞ்சா நோய் சாகாது, கூடிச்சுன்னா மீனு செத்துடும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல ரெண்டு சொட்டுதான் பாய். அதான் தனித்தொட்டி. பெரிய தொட்டியில கலந்தா நத்தை, இறாலு ஒண்ணு மிஞ்சாது.

மாமனாருக்கு மீனு புடிக்குமாவா? நல்லா கேட்டீங்க. அவருக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. ஆவணியிலேருந்து. இப்ப மாசி நடக்குது, கணக்குப் பாத்துக்குங்க.

தப்பு என்னுதுதான். தொட்டித் தண்ணிய மாத்துறப்போ பழைய தண்ணிய கொல்லைப் பக்கம் ஊத்துவேன். அது வாய்க்காலோட போயிடும்னு நெனச்சேன். அது போயி அவரு நாத்தங்கால்ல ஏறியிருக்கு. கடல் தண்ணி. ஒரு மூலை நாத்து அப்படியே வெளுத்துக் கருகிப் போச்சு. நமக்கு அது ஒரு மூலை. அவருக்கு அப்படி இல்ல. உப்புத் தண்ணி நெலத்துல ஏறுதுன்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? வரப்புல நின்னுக்கிட்டு அந்த மண்ணக் கிள்ளி நாக்குல வச்சுப் பாத்தாரு. துப்பிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு. அன்னைக்குப் பேச்ச நிறுத்துனவருதான்.

நான் வீட்டோட இருக்க மாப்பிள்ளை. எனக்கும் ரோஷம். நானா போயிப் பேசுவனான்னு நானும் இருந்துட்டேன். ஒரே கூடத்துல உக்காந்து சாப்புடுவோம். பாரதி, உங்கப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளும்பேன். பாரதி, வேணாம்னு சொல்லும்பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு முழம்தான் இருக்கும். அவ ரசக் கரண்டியோட அவரு மொகத்தையும் என் மொகத்தையும் பாப்பா. ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. எங்க வீட்டுல அதுவே பழகிப்போச்சு.

கெட்டவரு இல்லைங்க. தை மாசம் ஒரு நாளு நான் கடையில இருக்கேன், வீட்டுல நாலு மணி நேரம் கரண்டு இல்ல. மோட்டாரு நின்னுடுச்சு. வந்து பாக்குறேன், மீனெல்லாம் நல்லாருக்கு. எப்படின்னு கேட்டா பாரதி சொல்றா, அப்பாதான் முக்காலி போட்டு உக்காந்து செம்பால தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்திக்கிட்டிருந்தாருன்னு. நாலு மணி நேரம். கோடையில குட்டையில மீனு வாயப் பொளக்கறதப் பாத்தவருல்ல, தெரிஞ்சிருக்கு. நான் ஒரு நன்றி சொல்லியிருக்கணும். பாரதிகிட்ட சொல்லி அனுப்புனேன். அவரு ம்னு சொன்னாராம்.

இருங்க, சிஸ்டரு வெளிய வராங்க. பாரதிகிட்ட என்னமோ கேக்குறாங்க. இருங்க பாய், சத்தம் போடாதீங்க.

வாந்தி பச்சையா, நீலமா வருதாம். வீட்டுல பூச்சி மருந்து ஏதாச்சும் இருக்கா, தெரியாமக் குடிச்சிருப்பாரான்னு கேக்குறாங்க. பாரதி இல்லைன்னுட்டா. அவ என்னைப் பாத்தா. நானும் இல்லைன்னு தலைய ஆட்டிட்டேன். பூச்சி மருந்து எங்க வீட்டுல கிடையாது பாய். அது உண்மைதான். அதுவரைக்கும் உண்மைதான்.

அவரு காலையில வெறும் வயித்துல தண்ணி குடிப்பாருங்க. செம்புப் பானையில ராத்திரி ஊத்தி வச்ச தண்ணி. யாரோ போன்ல வீடியோ அனுப்புனாங்க, உடம்புக்கு அவ்வளவு நல்லதுன்னு. கும்பகோணம் போயி பானை வாங்கியாந்தாரு. ரெண்டு வருசமா ஒரு நாளு தவறுனது இல்ல. நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்த அசதியில பாரதி அதப் புளி போட்டு வெளக்கிக் கவுத்துட்டுத் தண்ணி ஊத்த மறந்துட்டா. இன்னைக்குக் காலையில அவரு வந்து பாத்தா பானை காலி.

என்னோட கரைச்சல் ஸ்டீல் பாட்டில்ல இருந்துச்சு. தனித்தொட்டி பக்கத்துல, பின்கட்டு மாடத்துல. நான் கடைக்குப் போயிட்டா பாரதிதான் சொட்டு விடணும். அவளுக்குக் காப்பர் கீப்பர்னு எழுதுனா புரியாதுன்னு பிளாஸ்திரி ஒட்டித் தமிழ்ல எழுதி வச்சேன். பெருசா, அழகா. செம்புத் தண்ணின்னு.

நான் அப்ப மீனுக்கு மூச்சு எண்ணிக்கிட்டிருக்கேன். முந்தாநாளு வந்த புது மீனு. அறுபத்தி ஒண்ணு, அறுபத்தி ரெண்டு. அவரு பின்னாடி வந்து மாடத்துல கைய வைக்கிறது கண்ணோரத்துல தெரியுது. திரும்பி, மாமா அது வேணாம்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயி வரைக்கும் வந்துச்சுங்க. ஆறு மாசமாச் சொல்லாத வார்த்தை, மாமான்னு. வரல. அடுப்படியப் பாத்துக் கத்துறேன், பாரதி, உங்கப்பாகிட்ட சொல்லு, அது என் செம்புத் தண்ணி, குடிக்கக் கூடாதுன்னு. உள்ள மிக்ஸி ஓடுது. அவ பாதியக் கேட்டுட்டு அங்கேருந்தே கத்துறா, அப்பா, அது அவரோட செம்புத் தண்ணியாம், நீங்க குடிக்கக் கூடாதாம்.

வேற என்ன பண்ணுவாரு சொல்லுங்க? தண்ணியில கூட அவருது என்னுதுன்னு வந்துருச்சான்னாரு. அண்ணாந்து ஊத்துனாரு. அண்ணாந்து குடிக்கிறவங்களுக்குத் தொண்டையில எறங்குன பெறகுதானே ருசி தெரியும். மூணு மடக்கு. எண்ணிக்கிட்டே இருந்தவன்ல, அதையும் எண்ணிட்டேன்.

பாட்டில டொக்குன்னு வச்சுட்டு, வாயத் தொடச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. ஆவணிக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நேராப் பாக்குறாரு. ஜெயிச்ச மாதிரி ஒரு சிரிப்பு. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். மூணு மடக்குதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அப்புறம் வாந்தி வந்துச்சு. அப்புறம் கார் வந்துச்சு. அப்புறம் சொல்ல நேரம் இல்ல. இங்க வந்த பெறகு, விஷம்னு எழுதுனா போலீசு வரும்னு யாரோ பேசிக்கிட்டாங்க. பேச்சு வார்த்தை இல்லாத மாப்பிள்ளை வீட்டுல கரைச்சு வச்ச மயில்துத்தம். யாரு நம்புவா? பாரதி நம்புவாளா? பக்கத்துலதானே நின்னீங்கம்பா. ஆமா, பக்கத்துலதான் நின்னேன்.

முப்பத்தி ஆறு ஆயிடுச்சு பாய். இப்ப எண்ணுனேன்.

பாய், ஒரு உதவி. நீங்க உள்ள போயி அந்த டாக்டருகிட்ட, இந்த மாதிரி, செம்பு, மயில்துத்தம், மூணு மடக்குன்னு சொல்லிடுறீங்களா? என்னால முடியல. நீங்க வெளி ஆளு, உங்களுக்கு ஒண்ணும் வராது. சொல்லுங்க பாய், சொல்லிடு...

வேணாம். உக்காருங்க. ஆள விட்டுச் சொன்னதுல வந்ததுதானே இவ்வளவும். நானே போறேன்.

இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கு... இல்ல, குடுங்க, அது வேணும். பாட்டிலு அதுலதான் இருக்கு.