அகீலாவின் அல்பம்

பெரும்பாலான வீடுகளில் தங்கள் படங்கள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பழைய போனில் கொஞ்சம், கண்ணாடி உடைந்த போனில் கொஞ்சம், மச்சானின் லெப்டொப்பில் கொஞ்சம். ஒருவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகுதான் தேடத் தொடங்குவார்கள். அந்த நேரம் பார்த்து போன் திறக்காது. பதினான்கு வருடமாக இதைப் பார்த்துவருகிறேன். புத்தளம் நகரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண அல்பம் செய்வது என் தொழில்.

சுஜாந்தி மிஸ், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தரான உங்களுக்கு அது தேவை. எனக்கும் மறைக்க எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

என் பெயர் முனவ்வரா. பாலாவியில் வீடு. கணவர் மக்பூல் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறார். கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. என் தம்பி ரிப்கான் லொறி ஓட்டினான். அவனுடைய மனைவிதான் ஷிஹாரா. மகள் அகீலாவுக்கு ஏழு மாதமாக இருந்தபோது தம்பி சிலாபம் ரோட்டில் விபத்தில் போய்ச் சேர்ந்தான். தாயும் பிள்ளையும் எங்களிடம் வந்தார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்த அடுத்த மாதம் ஷிஹாரா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். தனக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டுமாம். என் வீட்டில் அவளுக்கு என்ன குறை என்று நான் கேட்கவில்லை.

போவதற்கு முந்தின வாரம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தம்பியின் இரண்டு போன்கள், மூன்று மெமரி கார்ட், ஒரு துண்டுக் காகிதத்தில் அவளுடைய இணையக் கணக்கின் பாஸ்வேர்ட்.

“மதினி, ஒரு படமும் விடாம ஒழுங்கா வச்சிக்கங்க. மன்னார்லருந்து வரக்குள்ள எங்கட ஆக்கள் ஒரு படமும் எடுத்துட்டு வரல்ல. என்ட உம்மா சின்ன வயசுல எப்பிடி இருந்தாண்டு எனக்குத் தெரியா. இவளுக்கு அப்பிடி ஆகக்கூடாது.”

அவளுடைய குடும்பம் தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் இயக்கத்தால் விரட்டப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் கையில் கிடைத்ததோடு புறப்பட்டு வந்தது. அவள் பிறந்ததே புத்தளம் கரைத்தீவுப் பக்கம் ஓர் அகதி முகாமில். படங்களை அவள் உயிராக மதித்தது எனக்கு விளங்கியது. ஆனால் படம் இல்லாமலும் அந்தக் குடும்பம் பிழைத்துத்தானே இருக்கிறது? இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேலையை நான் சரியாகவே செய்தேன். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஒரே படம் நாலு இடத்தில் இருந்தது. மிஞ்சியவற்றை நீக்கி, வருடவாரியாக, மாதவாரியாகப் போல்டர் போட்டேன். எந்தப் படத்துக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் எழுதாத சட்டம். ஒன்று லெப்டொப்பில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே, இணையத்தில்; இதற்கு ஷிஹாராவின் கணக்கு. வீடு எரிந்தாலும் படம் பிழைக்கும். இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்தது. அவ்வளவு நேர்த்தியாக ஒரு குடும்பத்தின் படங்கள் இந்த மாவட்டத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

அந்த நாட்களில் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள். ஷிஹாராவின் முகம் வந்தால் திரையை நக்குவாள், முத்தமிடுவாள். பிறகு அழுவாள். ஒருமுறை இரண்டு நாள் சோறு தின்னவில்லை. பாண் துண்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் அதையும் துப்பினாள். காய்ச்சல் வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் ஷிஹாராவின் படங்களைத் தனியே எடுத்து ஒரு மெமரி கார்டில் போட்டு அலுமாரியில் வைத்தேன். மற்ற மூன்று இடங்களிலிருந்தும், டின்னிலிருந்த போன்கள், கார்டுகளிலிருந்தும் அழித்தேன். ஒரு வாரத்தில் பிள்ளை சாப்பிடத் தொடங்கினாள்.

மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு யாரும் பாதியில் நிறுத்துவதில்லை.

குவைத்தில் அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கொடுப்பார்கள். பிள்ளை தூங்குகிறாள் என்பேன். முகத்தைப் பார்க்கக் கேட்டால் லைன் சரியில்லை என்பேன். குரலை மட்டும் கேட்கவிடுவேன். “ஆரு இது?” என்று பிள்ளை கேட்டபோது “குவைத் சாச்சி” என்றேன், சின்னம்மா முறையாக. மூன்று வயதில் அகீலா என்னை உம்மா என்று கூப்பிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மிஸ். திருத்தவும் இல்லை.

நாலு வயதில் முன்பள்ளிக்கு அனுப்பினேன். குடும்பப் படங்கள் ஒட்டிய ஓர் அல்பம் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பிறந்த அன்று தாயின் மடியில் இருக்கும் படத்தோடு வருவார்கள். என் பிள்ளைக்கு மட்டும் அது இல்லாமல் போகலாமா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஷிஹாரா அகீலாவை ஏந்தியிருக்கும் படத்தை அலுமாரிக் கார்டிலிருந்து எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து விழுந்திருந்தது. அதே வெளிச்சம் எங்கள் குசினியில் அடுப்புப் பக்கத்து ஜன்னலில் காலை ஒன்பது மணிக்கு வரும். அங்கே நின்று என்னை நானே எடுத்தேன். இரவெல்லாம் வலியில் கிடந்தவளுடைய களைப்பு தெரிய வேண்டுமென்பதற்காக இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன். தலையில் துணி இருந்ததால் முகத்தை மாற்றிவைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. என் தொழிலில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அது.

என் கணவர் நெடுநேரம் பார்த்தார். “இது ஷிஹாராட கையில்லியா?” என்றார். படத்திலிருந்த மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு இருந்தது.

“கைய ஆரு பாக்கப்போறாங்க?” என்றேன்.

“முனவ்வரா, அந்தப் புள்ள திரும்பி வருமே.”

“வந்தா அப்ப பாப்பம்.”

அதன் பிறகு நாற்பது படங்கள் வரை செய்தேன். முதல் பெருநாள், முதல் பல், கல்பிட்டிக் கடற்கரையில் முதல்முறை கால் நனைத்தது. தம்பி இருந்த இடத்தில் மக்பூலை வைத்தேன். என் சொந்தத் தம்பி, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அதற்காக ஒருநாள் அழுதேன். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் வைத்தேன். மூலங்களை அலுமாரிக் கார்டில் மட்டும் விட்டு, ஷிஹாராவின் கணக்கு உட்பட மற்ற இடங்களிலெல்லாம் அழித்தேன்.

இதற்கிடையில் ஷிஹாராவின் போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. புதுப் போனில் தன் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். காலி. நான் அனுப்பிய படங்களும் பழைய போனோடு போயிருந்தன. அந்த வெள்ளிக்கிழமை அதைத்தான் முதலில் கேட்டாள்.

“மதினி, டிஸ்க்ல ஈக்கும்தானே?”

“டிஸ்க் பழுதாப் போச்சு புள்ள. கடையில குடுத்தும் பாத்தன்.”

“ஒண்டுமே மிஞ்சல்லியா? அவர்ட படமும் இல்லியா?”

“இல்ல.”

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நீங்க கவலப்படாதீங்க மதினி, நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க என்றாள். அப்படிப்பட்டவள் அவள். அவளைப் பற்றி நான் கெட்டதாக ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

மூன்று வருடமும் நாலு மாதமும் கழித்து, போன மாதம் வந்தாள். வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டு முழந்தாளிட்டுக் கையை நீட்டினாள். அகீலா என் பின்னால் ஒளிந்தாள்.

“மகள், நான் உம்மா.”

“இல்ல, நீங்க குவைத் சாச்சி,” என்றாள் பிள்ளை. வந்தவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து உள்ளே ஓடிப்போய் அல்பத்தை எடுத்துவந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். “இந்தா பாருங்க. நான் பொறந்த அண்டைக்கு. இதுதான் என்ட உம்மா.”

ஷிஹாரா அல்பத்தைக் கையில் வாங்கினாள். படத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் சட்டைக் கையை மேலே இழுத்து, மணிக்கட்டைப் படத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிள்ளை இரண்டு தழும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். நான் அல்பத்தை மூடி அவளைக் கைகழுவ அனுப்பினேன். சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

மறுநாள்தான் ஷிஹாரா உங்களிடம் வந்தாள். என் கணவரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உப்பளத்துக் கொட்டிலில் போய்ப் படுத்துக்கொள்கிறார். படுக்கட்டும்.

நீங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி. மூலப் படங்கள் எங்கே? எங்கேயாவது ஒரு பிரதி வைத்திருப்பாய், உன்னைப் போன்றவள் வைக்காமல் இருக்கமாட்டாய் என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். அலுமாரியில் அந்தக் கார்ட் இருந்தது. ஷிஹாராவின் நிக்காஹ், தம்பியின் முகம், கட்டிலில் கிடந்த அந்தக் காலை, எல்லாம் அதில் இருந்தன. பிள்ளை பெரியவளானதும் கொடுக்கலாம் என்றுதான் வைத்திருந்தேன். ஷிஹாராவின் விமானம் கட்டுநாயக்காவில் இறங்கிய அன்று காலை, பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று அவள் போன் எடுத்துச் சொன்ன பிறகு, அந்தக் கார்டை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினேன். மூன்று அடி போதுமாக இருந்தது. தூளைக் கூட்டி அள்ளி, நடந்துபோய்க் களப்புத் தண்ணீரில் போட்டேன். திரும்பி வந்து, வருகிறவளுக்குச் சோற்றோடு இறால் ஆணம் வைத்தேன். அவளுக்கு அது பிடிக்கும்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதினால் எனக்குச் சாதகம் என்று நீங்கள் சாடையாகச் சொன்னீர்கள். எனக்கு ஆத்திரம் இருக்கவில்லை. மன்னிப்பும் கேட்கமாட்டேன். பெற்றவள் போனாள், நான் இருந்தேன். காய்ச்சலில் நெற்றியைத் தொட்டது இந்தக் கை. படத்தில் நான் மாற்றியது முகத்தை மட்டும்தான். மீதியெல்லாம் நடந்ததுதான்.

இப்போது பிள்ளையைக் கரைத்தீவில் ஷிஹாராவின் ஆட்களிடம் விட்டிருக்கிறீர்கள். சாப்பிடாமல் அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். என்ன செய்தால் அழுகை நிற்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லித் தருவேன்.

வழக்கு நாளன்று நீதவான் ஐயா அகீலாவையே கூப்பிட்டு, உன் உம்மா யார் என்று கேட்கட்டும். அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை பொய் சொல்லமாட்டாள். நான் அவளை அப்படி வளர்க்கவில்லை.