நிபுணர் அவர்களே, உங்கள் கருத்து?

— நாப்பதாயிரம் பேருடா! பஸ் ஸ்டாண்டுல காலமெல்லாம் மைக் பிடிச்சுக் கத்தினேன், அப்பகூட இத்தனை பேர் என் பேச்சுக்குக் காது குடுத்ததில்ல!

— அதைத்தானேடா மைக்கு நானும் சொல்றேன். கையைப் பிடிச்சுக் குலுக்க வேண்டிய ஆளை வாசப்படியிலயே நிறுத்தி வச்சுக் கத்துறியே.

— குலுக்குறேன், வா. கழுத்தைப் பிடிச்சுக் குலுக்குறேன்.

— ஏங்க, அண்ணன் மூணு மாடி ஏறி வந்திருக்காரு. மூச்சு வாங்கிக்கட்டும், அப்புறம் கழுத்தைப் பிடிங்க. அண்ணே, நீங்க பால்கனிப் பக்கமா வந்து உக்காருங்க.

— நீ போய் டீயைப் போடு. பஞ்சாயத்துக்கு வராதே.

— தங்கச்சி, எனக்குச் சர்க்கரை தூக்கலா. திட்டு வாங்கறதுக்குத் தெம்பு வேணும்.

— டேய் ஆபரேட்டரு, பல்லைக் காட்டாம சொல்லு. நான் பாட்டுக்கு ஒரு மூலையில போட்டு வச்ச வீடியோவை எதுக்குடா ஊருக்கெல்லாம் அனுப்பினே?

— நல்லா இருந்துச்சு, அனுப்பினேன். ஆயுசு பூரா தியேட்டர்ல படம் ஓட்டினவன்டா நான். நல்லதைப் பார்த்தா நாலு பேருக்குக் காட்டலேன்னா எனக்குச் சோறு இறங்காது. நம்ம 'இடைவேளை' குரூப்புல கேட்டுப் பாரு. உலகத்துல ஒரு நாதியும் சீந்தாத வீடியோவாத் தேடித் தேடிக் குடுக்கறது யாரு? கதவு கிரீச்சுன்னு கத்தறதுக்கு மார்க் போடறானே ஒருத்தன், அவனைக் கண்டுபிடிச்சது யாரு?

— அது இப்ப எதுக்கு?

— நான்! சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே சட்டைக்காரனோட குணத்தைப் புட்டுப் புட்டு வைக்குதே ஒரு அம்மா, அதைப் பார்த்து நம்ம பல் டாக்டரு சிரிச்ச சிரிப்புல அவரோட பல்லே கழண்டு மடியில விழுந்துச்சு. அந்த அம்மாவைக் கண்டுபிடிச்சது யாரு?

— அவரு பல்லு எங்கேடா விழுந்துச்சு? நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.

— ஆடிச்சு. ஆடினதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அவ்வளவு ஏன், கதவுக்காரனைப் பார்த்து நீயே விக்கி விக்கிச் சிரிச்சு, தங்கச்சி தண்ணியும் கையுமா ஓடி வரல?

— வந்தேன் அண்ணே. மனுஷன் அப்படிச் சிரிச்சு நான் பார்த்து வருஷமாச்சு.

— நீ உள்ள போடின்னு சொன்னேன்!

— இந்தா, போறேன். என்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க?

— பாரு மைக்கு, உன் வீடியோ என்ன சாமானியமா? மரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவுல கர்ச்சீப்பு அகலத்துக்கு ஒரு இடம். அதுக்குள்ள காரைச் செருகறேன்னு ஒவ்வொருத்தனும் படற பாடு! நீ மூணாவது மாடியிலேர்ந்து, ஏதோ உலகக் கோப்பை மாதிரி, "பார்வையாளர்களே, இதோ பின்சக்கரம் நடைபாதை மீது ஏறுகிறது"ன்னு வர்ணனை குடுக்கறே. அந்தத் தொப்பைக்காரரு குப்பைத் தொட்டியை இடிச்சுட்டு இறங்கினாரே, ஒத்தைச் செருப்பு கழண்டு உருண்டு போச்சே, நீ உடனே என்ன சொன்னே?

— எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு மனப்பாடம். "ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு செல்கிறார். விற்பனை தொடங்கிவிட்டது!" ஐயையோ, நான் கட்டிலோட கவுந்தேன்டா. கட்டில் கால் உடைஞ்சு போச்சு. கடைசியில ஒண்ணு வைக்கறே பாரு. "நிபுணர் அவர்களே, உங்கள் கருத்து?"ன்னு கேட்டுட்டு, பேச்சு மூச்சு இல்லாம நிக்கறே. ஈ பறக்கற சத்தம் கேக்குது. அப்புறம் "நன்றி"ங்கறே. அங்கதான் அத்தனை பேரும் உருண்டு பெரண்டு சிரிக்கறான்!

— அது சிரிக்கறதுக்கு வச்ச இடம் இல்லடா மடையா!

— பின்ன எதுக்கு வச்ச இடம்?

— எதுக்கோ.

— கொஞ்சம் சத்தமா சொல்லு. காது மந்தமா இருக்கு.

— உங்களுக்கா அண்ணே? அடுத்த தெருவுல ஊசி விழுந்தா யாரு வீட்டு ஊசின்னு சொல்லுவீங்களே.

— இன்னிக்குக் காலையிலேர்ந்து மந்தம், தங்கச்சி. நீ கிளாசை வை. மைக்கு, நீ சொல்லு, வாயை நல்லாத் திறந்து சொல்லு.

— சொல்றேன், கேட்டுக்க. ஒரு பொடிப்பய அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கான், "அந்த நிபுணர் செத்துட்டாரா தாத்தா?"ன்னு. அதுக்கு ரெண்டாயிரம் பேரு சிரிப்பு மூஞ்சி போட்டிருக்கான். நேத்திலேர்ந்து எனக்கு வயிறு எரியுதுடா! நீ அனுப்பினதால வந்த வினை. அத்தனை பேர் வாயையும் நான் போய்த் தைக்க முடியுமா?

— பொடிப்பய ஏதோ விளையாட்டுக்கு...

— விளையாட்டா? உனக்குத் தெரியுமாடா அந்த வீடியோவெல்லாம் எத்தனை பேரு பார்த்தது? ஒருத்தர். எதை எடுத்தாலும் ஒருத்தர். சாயங்காலம் போட்டேன்னா காலையில 'ஒரு பார்வை'ன்னு நிக்கும். கணக்கு கெட்டுடக் கூடாதுன்னு நான் திரும்பப் பார்க்கறதில்ல. இவளையும் பார்க்க விட்டதில்ல.

— எனக்கெதுக்கு? அடுப்படியிலேர்ந்து நேர்லயே கேக்கறேனே, அந்தக் கொடுமை போதாதா? ஆனா அண்ணே, அந்த ஒண்ணு வந்தாத்தான் இவரு காலையில பலகாரத்துல கையையே வைப்பாரு.

— இப்ப நாப்பதாயிரம் நிக்குது! அதுல அவன் இருக்கானா, இல்லையா? கடல்ல கொண்டுபோய்க் கொட்டிட்டு, உன் ஒரு சொட்டுத் தண்ணியை நீயே தேடிக்கன்னு சொல்றியாடா?

— அவன்னா எவன்? சத்தமா.

— என் தம்பிடா! என் கூடப் பொறந்த தம்பி! போதுமா? இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும், உன் செவிட்டுக் காதுக்குக் கேட்டுச்சா?

— கேட்டுச்சு. தெளிவாக் கேட்டுச்சு.

— சின்ன வயசுல ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு போற வர்றவனுக்கெல்லாம் வர்ணனை சொல்லுவோம். நான் அறிவிப்பாளர், அவன் நிபுணர். "நிபுணர் அவர்களே"ன்னு நான் திரும்பினா, மூக்குல விரலை வச்சுக்கிட்டு ஒரு கருத்து சொல்லுவான் பாரு, எங்கப்பாவே திட்ட வந்துட்டுச் சிரிச்சுட்டுப் போவாரு. அந்த இடம் அவனுக்குன்னு விட்ட இடம்டா. நீ அதைக் காமெடியாக்கிட்டே.

— அந்த நிபுணரு ஏன் பேச்சை நிறுத்தினாருன்னு அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?

— ஏய், நீ சும்மா இரு.

— நான் ஏன் சும்மா இருக்கணும்? அண்ணே, நீங்களே அன்னிக்கு அங்க இருந்தீங்க. கொழுந்தனாரு செருப்புக் கடை திறந்த அன்னிக்கு. பேய் மழை, ஒரு ஆள் வரல. அவரு மாமனார் மாமியார் வாசல்லயே காத்துக்கிட்டு நிக்கறாங்க. இவரு கையைச் சுருட்டி மைக் மாதிரி வச்சுக்கிட்டு, "இதோ முதல் வாடிக்கையாளர்! இல்லை, அது நாய், மழைக்கு ஒதுங்கியிருக்கிறது"ங்கறாரு. அந்த நாய் ஒத்தைச் செருப்பைக் கவ்விக்கிட்டு ஓடுச்சு.

— "ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு செல்கிறார்." ஆமா தங்கச்சி, நானும்தான் சிரிச்சேன்.

— எல்லாரும்தான் சிரிச்சோம். அவரு மட்டும் சிரிக்கல. அப்புறம் யாவாரம் ஓடாம கடையையே மூடினப்பவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. அதே வார்த்தையைத் தூக்கி இவரு மறுபடியும் வீடியோவுல போட்டிருக்காரு!

— அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள சிரிப்புடி! இத்தனை வருஷத்துக்கு அப்புறமாவது சிரிப்பான்னு நினைச்சேன். என்ன சத்தம் அது? யாருடா கீழே ஹாரன் அடிக்கிறவன்?

— ஏதோ சாம்பல் கலர் காரு. அந்த இடத்துல நுழையப் பார்க்குது. நீ கோபத்தை விட்டுடாதே, தொடர்ந்து திட்டு.

— பேச்சை மாத்தாதே. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அந்த வீடியோ உன் கையில எப்படி வந்துச்சு?

— எப்படின்னா? தேடினேன். முட்டி வலிக்கு ஏதாவது எண்ணெய் இருக்கான்னு தட்டிப் பார்த்துக்கிட்டே போறேன், போறேன், ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, அடியிலயும் அடியில பாசி படிஞ்சு ஒண்ணு மினுக்குது...

— புளுகாதேடா. என் வீடியோவுல என் பேரு இல்ல, மூஞ்சி இல்ல, ஊரு இல்ல. எல்லாத்துக்கும் ஒரே பேருதான் வச்சிருக்கேன், 'சோதனை'. அந்தப் பேருல லட்சம் கிடக்கு. தட்டிப் பார்த்து ஒருத்தனும் எடுக்க முடியாது. லிங்கை நான் அனுப்பினது ஒரே ஒரு ஆளுக்கு. அவன் பதிலே போடல. அப்ப உனக்கு எங்கிருந்துடா வந்துச்சு?

— குரல் வச்சுக் கண்டுபிடிச்சேன்னு வச்சுக்கயேன்.

— போன மாசம் "எழுத்தைப் பெருசாக்கித் தரேன்"னு என் போனை வாங்கினியே. அப்ப நோண்டினியா? அப்பதான் திருடினியா?

— மைக்கு, வார்த்தையை அளந்து பேசு.

— திருடினதும் இல்லாம கண்டுபிடிச்சேன்னு பீத்தறே! எந்திரி. இனிமே இந்த வாசப்படியை நீ மிதிக்கக் கூடாது. 'இடைவேளை'யில இருக்கற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்றேன், இவன் அடுத்தவன் போன்ல கையை விடற திருட்டுப் பயன்னு.

— நான் திருடன் இல்லடா!

— அப்ப யாரு குடுத்தா?

— அண்ணே, போதும். சொல்லிடுங்க. உங்க கவுரவம் ஒண்ணும் கப்பல் ஏறிடாது.

— ஏறிடும் தங்கச்சி. கப்பல் ஏறி, நடுக்கடல்ல முழுகியும் போயிடும். சரி, போகட்டும். டேய் மைக்கு, குரூப்புல மூச்சு விடக் கூடாது. நான் கண்டுபிடிக்கல. எனக்கு வந்துச்சு.

— யாருகிட்டேர்ந்து?

— உன் தம்பிகிட்டேர்ந்து.

— என்ன சொன்னே?

— இப்ப உனக்குக் காது மந்தமா? உன் தம்பி அனுப்பினான். அது மட்டும் இல்ல. கதவுக்காரனும் அவன் அனுப்பினதுதான். இஸ்திரி அம்மாவும் அவன் அனுப்பினதுதான். நான் இத்தனை வருஷமா ஏழு கடல்ல முங்கி எடுத்ததெல்லாம் அவன் என் கையில குடுத்தது. "என் பேரு சொல்லாம குரூப்புல போடு"ம்பான். ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டான், போன் அடிப்பான். பல் டாக்டரு சிரிச்சாரான்னு கேக்க மாட்டான். "அண்ணன் சிரிச்சானா?"ன்னு மட்டும் கேப்பான்.

— நீ... நீ என்ன பதில் சொல்லுவே?

— விக்கல் எடுத்துச்சுன்னு சொல்லுவேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன், என் வாய் சும்மா இருக்குமா?

— அப்ப இதை எதுக்கு ஊருக்குக் காட்டச் சொன்னான்?

— கோபம்டா. ஒத்தைச் செருப்பைப் பார்த்ததும் பொங்கிட்டான். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டான். அன்னிக்கு என்னைப் பார்த்து ஊரு சிரிச்சுது, இப்ப அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும், போடு எல்லாருக்கும்"னான். போட்டேன். நல்லா வேற இருந்துச்சா, கை நிக்கல.

— பழி வாங்கியிருக்கான்! பாத்தியாடி? கூடப் பொறந்தவனை ஊரு சிரிக்க வச்சு வேடிக்கை பார்த்திருக்கான் ராஸ்கல்! விட மாட்டேன் அவனை. எங்க இருக்கான், சொல்லு!

— ஏங்க, திட்டறது இருக்கட்டும். அப்ப அந்த ஒண்ணு யாருன்னு தெரிஞ்சு போச்சு இல்ல?

— என்னது?

— தினமும் காலையில வந்துதே, ஒரே ஒண்ணு.

— ...ராஸ்கல். ஒண்ணு விடாம பார்த்திருக்கான். பார்த்துட்டு வாயே திறக்கல பாரு, எத்தனை கொழுப்பு!

— டீ ஆறுது, எடுத்துக்கங்க.

— எங்கேடி எடுக்கறது, நாலு கிளாஸ் வச்சிருக்கே! இங்க இருக்கறது மூணு பேரு, கண்ணு தெரியலயா உனக்கும்?

— வச்சது வச்சதுதான். கைவசம் இருக்கட்டும். அங்க பாருங்க, அந்தக் காருக்காரரு இன்னும் தவிக்கறாரு.

— பார்த்தேன் பார்த்தேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்காம, எருமை சேத்துல புரள்ற மாதிரி புரள்றான். இவனுக்கெல்லாம் யாரு லைசன்ஸ் குடுத்தது? எனக்கு இருக்கற எரிச்சலுக்கு...

— எரிச்சலை அவன்மேல கொட்டேன். உன் காரு வர்ணனையை நான் நேர்ல ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. ஒரு வர்ணனை சொல்லுடா மைக்கு. இப்படி என் பக்கமாத் திரும்பி, நல்லா சத்தமா.

— இப்பவா? இந்த மனநிலையிலயா?

— இந்த மனநிலையிலதான் நல்லா வரும்.

— "பார்வையாளர்களே, சாம்பல் நிறக் கார் மீண்டும் பின்வாங்குகிறது. பின்பக்கம் மரத்தில் மோத... இல்லை, மயிரிழையில் தப்பியது மரம். முன்னால் வருகிறார். நின்றுவிட்டார். உள்ளே வரவும் மனமில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. இப்படி ஒரு வீம்பு பிடித்த மனிதரை நமது அரங்கம் இதுவரை கண்டதில்லை."

— ஆகா! அந்த வீம்பை இன்னொரு தடவை சொல்லு.

— "வீம்பு, பார்வையாளர்களே, வடிகட்டின வீம்பு! நிபுணர் அவர்களே, உங்கள் கருத்து?"

— ...

— ஆபரேட்டரு, உன் சட்டைப் பையில என்னடா அது? யாரோ தொண்டையைக் கனைக்கிற சத்தம்! போனை அணைக்காமயா வந்தே? யாருடா அதுல?

— "நன்றி"ன்னு மட்டும் சொல்லிடாதே மைக்கு. இந்தத் தடவை பொறு.

— என் கருத்து என்னன்னா அண்ணே, நிபுணர் சாகலைன்னு முதல்ல அந்தப் பொடிப்பயலுக்கு எழுதிப் போடு. ரெண்டாவது, மேல நின்னு வாய் கிழியப் பேசினது போதும், கீழே இறங்கி வந்து கையைக் காட்டு, இந்தச் சனியன் பிடிச்ச காரை நான் நிறுத்தணும்.