உச்சிமாகாளி மாஸ்டரின் முட்டி

இருங்க, இருங்க... கை தட்டுத அளவுக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை.

நம்ம எல்லாரு கடையும் இருந்த மார்க்கெட்டு தீப்பிடிச்சு எரிஞ்சு நாலாவது மாசம் நடக்கு. சாம்பல் அப்படியே கிடக்கு. ஏன் இன்னும் அள்ளலை? இதுக்கு நான் நேராப் பதில் சொன்னா ஒங்களுக்குக் கோவம் வரும். அதனால ஒரு குட்டிக் கதையாச் சொல்லிப்புடுதேன். கேப்பியளா?

பாளையங்கோட்டைப் பக்கம் உச்சிமாகாளின்னு ஒரு சமையல் மாஸ்டர். கல்யாண வீட்டுச் சமையல்ல அவரை அடிச்சுக்க ஆளு கிடையாது. அவரு வச்ச தேங்காப்பால் சொதிக்காகவே அழைப்பு இல்லாம வந்து பந்தியில உக்காருதவன் உண்டு! ஒரு நாள் காய்கறி வாங்கிட்டு ஆம்னி வேன்ல வாரார். பின்னால வந்த கார் ஒண்ணு... டமார்! வலது முட்டிக்கு மேல எலும்பு ஒடிஞ்சுபோச்சு. ஆபரேஷன் பண்ணி, பிளேட்டு வச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாவ.

அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "எலும்பைச் சேத்தது என் வேலை. முட்டியை மடக்குதது உம்ம வேலை. இப்ப விட்டீர்னா இறுகிப்போகும். அப்புறம் அடுப்பு முன்னால குனிஞ்சு நிமிர முடியாது, பாத்துக்கிடும்."

அதுக்குன்னே தினமும் காலையில பிசியோதெரபி பண்ண ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வரும். மெர்சின்னு பேரு. வந்து காலைப் பிடிச்சா போதும்... "ஐயோ தாயி! விட்டுரு தாயி!" தெருவுக்கே கேக்கும்.

ஆனா நம்ம ஊரு வழக்கம் என்ன? அடிபட்டவனைப் போய்ப் பாக்காம இருந்தா அது காலத்துக்கும் மனத்தாங்கல். வந்தாவய்யா! ஹார்லிக்ஸோட வந்தாவ, சாத்துக்குடியோட வந்தாவ. மெர்சி வந்து உக்காரும், வாசல்ல செருப்பு கழட்டுத சத்தம் கேக்கும். உடனே மாஸ்டர் சம்சாரம் செண்பகம், "யம்மா மெர்சி, ஆளு வந்திருக்காவ. நாளைக்கு வாயேன்" அப்படிம்பாவ. மாஸ்டருக்கும் அப்பாடான்னு இருக்கும். தலையணையில சாஞ்சுக்கிட்டு ஆரம்பிப்பார்... "அத ஏன் கேக்கிய!"

மொத வாரம் கார் வந்து இடிச்சுது. ரெண்டாவது வாரம் கார் பறந்து வந்து இடிச்சுது. அப்புறம் பாத்தா அது காரே இல்லை, லாரி கணக்கா ஆயிப்போச்சு! கேட்டவுக எல்லாரும் என்ன சொன்னாவ? "அசையாதிய அண்ணாச்சி. நல்லா ரெஸ்ட் எடுங்க." பாசத்துலதான் சொன்னாவ. யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

மெர்சிக்குப் பொறுக்கலை. ஒரு நாள் நேராவே கேட்டுது. "அண்ணாச்சி, ஒங்க நாக்குக்கு நல்லா பயிற்சி ஆயிட்டு. முட்டிக்கு எப்ப?"

மாஸ்டருக்கு வந்துச்சே கோவம்! "நாளையில இருந்து நீ வராண்டாம்!"

மறுநாள் தெய்வநாயகம்னு ஒருத்தர் வந்தார். அவரு ரெண்டு மக கல்யாணத்துக்கும் நம்ம மாஸ்டர்தான் சமையல். இப்பக் கடைசி மகளுக்குக் கல்யாணம். சந்தோசமா எல்லாக் கதையும் கேட்டார். கேட்டுட்டு மெதுவாச் சொன்னார்...

"ஒங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு வேற மாஸ்டரைப் பேசிட்டோம் அண்ணாச்சி. நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

எப்படி இருக்கும் அந்த மனுசனுக்கு? யோசிச்சுப் பாருங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பார். பாவம்னு ஒதுக்கிவச்சுட்டாவளே... அதைத் தாங்க முடியலை. தலையணையை விட்டு நிமிந்து உக்காந்தார். அப்புறம் உள்ள பாத்துக் கத்தினார்.

"ஏ செண்பகம்! அந்த மெர்சிப் பிள்ளைக்குப் போனைப் போடு. நான் தப்பாப் பேசிட்டேன்னு சொல்லு. இப்பவே வரச் சொல்லு!"

"ஆளு இருக்காவளே..."

"இருக்கட்டும்! பாக்கத்தான வந்தாவ? பாத்துட்டுப் போகட்டும்!"

மெர்சி வந்துது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் காலை நீட்டினார். பிள்ளை மடக்க மடக்க... மாஸ்டர் கண்ணுல தண்ணி கொட்டுது. தெய்வநாயகத்துக்குப் பொறுக்கலை. "போதும்மா, விட்டுரும்மா!" அப்படிங்கார். மாஸ்டர் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "நீ மடக்கு தாயி. இவரு சொல்லுதாருன்னு விட்டுராத" அப்படிங்கார்!

அன்னையில இருந்து யாரு வந்தாலும் பயிற்சி நிக்கலை. வந்தவுக ஒரு பக்கம் உக்காந்து காப்பி குடிப்பாவ. இவரு ஒரு பக்கம் "ஐயோ அம்மா"ன்னு கத்திக்கிட்டே மடக்குவார். தெய்வநாயகம் வீட்டுக் கல்யாணம் கைவிட்டுப் போனது போனதுதான். அந்தக் கால் இன்னைக்கும் முழுசா மடங்காது. ஆனா மனுசன் அடுப்பு முன்னால நிக்கார்! போன மாசம் நானே அவரு கையால சாப்பிட்டேன்.

இப்பச் சொல்லுங்க... இது அவரு கதையா? நம்ம கதையா?

நம்மளையும்தான் பாக்க வந்தாவ. அதிகாரி வந்தார், டிவிக்காரன் வந்தான், சொந்தபந்தம் வந்துது. ஒவ்வொருத்தருக்கும் எரிஞ்ச கதையைச் சொன்னோம். பொய்யில்லை! எரிஞ்சது நெசம், நம்ம வலியும் நெசம். ஆனா சொல்லச் சொல்ல ஒரு சட்டி சாம்பலாவது குறைஞ்சுதா? உதவி கேக்காண்டாம்னு நான் சொல்லலை. கேப்போம், குடுத்தா வாங்குவோம். அதுக்காக முட்டியை மடக்காம உக்காந்திருந்தா, நாலு வருசம் கழிச்சு நம்மளைப் பாத்து ஒவ்வொருத்தனும் என்ன சொல்லுவான்? "பாவம், அவுக ரெஸ்ட் எடுக்கட்டும்"னு சொல்லிட்டு வேற தெருவுக்குச் சாமான் வாங்கப் போயிருவான்!

நாளைக்குக் காலையில மார்க்கெட்டுக்குள்ள இறங்குதோம். மொதல்ல என் பாத்திரக் கடை. வலிக்கும்யா... எங்க அப்பா உக்காந்த இடம் கரிக்கட்டையாக் கிடக்கு, எனக்கு வலிக்காதா? அழுகை வந்தா அழுவோம். அழுதுக்கிட்டே அள்ளுவோம்!

யாரெல்லாம் வாரிய... கையைத் தூக்குங்க பாப்போம்!